ஏழாவது வரியில் தண்ணீர் முழங்காலுக்கு

எங்கள் பள்ளியில் பத்தி வாசிப்புத் தேர்வுக்கு இருபது நிமிடம். மணி அடிப்பதற்குள் கடைசி வரியைப் படித்துவிட்டால், பத்தியில் வருகிறவர் தாளுக்குள் திரும்பிப் போய்விடுவார். படிக்காவிட்டால் இங்கேயே நின்றுவிடுவார், எந்த வரியில் விட்டோமோ அந்த வரியிலேயே.

நூலக வராந்தாவில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அண்ணன் 'அப்போது மழை தூறியது' என்ற இடத்தில் விட்டுவிட்டுப் போனது. அவரைச் சுற்றி இரண்டடிக்கு இன்னும் தூறுகிறது. சைக்கிள் ஸ்டாண்டில் பாதி மாமரம் இருக்கிறது, அதன் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மீதி மரத்தை யாரும் படிக்கவில்லை.

பத்தியில் வருகிறவர், நாம் மனசுக்குள் படிக்கிற குரலின் வேகத்தில்தான் நடப்பார். எனக்குக் குரலுக்குப் பஞ்சமில்லை. ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் பேசிப் பள்ளிக்கூடத்தை அரை மணி நேரம் முன்னாலேயே விட்டிருக்கிறேன். ரயில்வே அறிவிப்பு அம்மா, தண்ணீர் வராது என்று சொல்லிக்கொண்டு போகும் நகராட்சி ஆட்டோ, எல்லாம் வரும். தேர்வுக்கு மட்டும் டவுன் பஸ் கண்டக்டர் குரல். உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, ரைட் என்று மூன்று நிமிடத்தில் பத்தி முடிந்துவிடும். காலாண்டுத் தேர்வில் அப்படிப் படித்ததில் ஒரு குயவர் பதினோரு பானையை உடைத்துவிட்டு என் விடைத்தாளில் வாந்தி எடுத்தார்.

"இந்தத் தடவ கேள்விய முதல்ல படி, நாயகம்," என்றார் தங்கபுஷ்பம் டீச்சர், தாளைக் கொடுத்தபடி. "என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சா வேகம் தானா அமையும்."

முதல்முறையாக ஒரு டீச்சர் சொன்னதைக் கேட்டேன். கேள்விகள் ஐந்து. ஒன்று, லூர்தம்மாள் கழிமுகத்துக்கு எதற்காகச் சென்றாள்? இரண்டு, அவள் கையில் இருந்தது என்ன? மூன்றும் நான்கும் சின்னக் கேள்விகள். ஐந்து, லூர்தம்மாள் ஏன் கரை திரும்பவில்லை?

அதை ரயில்வே குரலில் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் குரலிலும் படித்தேன். எந்தக் குரலிலும் அவள் திரும்பவில்லை.

பத்தியில் பன்னிரண்டு வரி. முதல் வரியைத் தொட்டதும் லூர்தம்மாள் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். இடுப்பில் பனையோலைப் பெட்டி.

"நீதான் படிக்கியா மக்கா? வெரசாப் படி. தண்ணி ஏறுததுக்குள்ள மட்டி அள்ளிட்டுத் திரும்பணும். உலை வச்சிட்டு வந்திருக்கேன்."

எங்கள் ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டர். மட்டி என்பது சேற்றுக்குள் கிடக்கும் சிப்பி என்று மூன்றாவது வரியில்தான் தெரிந்தது. நான் ஹெட்மாஸ்டர் குரலுக்கு மாறினேன். அவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்ப்பார். லூர்தம்மாளும் ஒரு காலை வைத்து, நின்று, வாசல் பக்கம் பார்த்து, அடுத்த காலை வைத்தாள்.

"என்ன மக்கா, கல்யாண ஊர்வலமா போறோம்?"

"எனக்கு மெதுவாத்தான் வரும், அக்கா."

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பியா? பாவம்."

ஐந்தாவது வரியில் தண்ணீர் பாதத்துக்கு வந்தது. ஆறாவது வரியில் கணுக்கால். ஏழாவது வரி இப்படி இருந்தது: 'முழங்கால் அளவு நீரில் நின்று, குனிந்து மட்டிகளை அள்ளினாள்.' கடிகாரத்தில் இன்னும் ஒன்பது நிமிடம்.

கண்ணை மூடினால் தூங்கியதாகக் கணக்கு; தாளைப் பிடுங்கி டீச்சரே மிச்சத்தைப் படித்துவிடுவார். வேறு பக்கம் பார்த்தால் காப்பியடித்ததாகக் கணக்கு. அதனால் ஏழாவது வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். லூர்தம்மாள் குனிந்து அள்ளினாள். நிமிர்ந்தாள். குனிந்து அள்ளினாள். பெட்டி நிறைந்து வழிந்தது.

"எத்தன வாட்டிதான் குனியச் சொல்லுத? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

"வரி அப்படித்தான் இருக்கு, அக்கா."

"கள்ளன் மாதிரி முழிக்க. என்ன விஷயம்?"

நான் ஐந்தாவது கேள்வியைக் கையால் மறைத்துக்கொண்டேன். முன் பெஞ்சில் கொம்பையா படித்து முடித்துவிட்டான். ஆளுக்கொரு பத்தி, அவனுடையது வீட்டு எண் தேடும் தபால்காரர், சுலபம். அவன் திரும்பி என் தாளை எட்டிப் பார்த்தான்.

"ஏலே நாயகம், எட்டாவது வரி சூப்பரா இருக்குல," என்றான்.

யார் கண் பட்டாலும் அந்த வரி படித்ததாகத்தான் கணக்கு. லூர்தம்மாளின் இடுப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டி மிதந்தது.

"திரும்புல," என்றேன், டீச்சர் குரலில். கொம்பையா உடனே திரும்பிக்கொண்டான். மிச்சமிருந்த நாலு வரியின்மேல் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி வைத்தேன். இனி ஏழுக்குப் போக முடியாது. தண்ணீர் ஏறினது ஏறினதுதான். எட்டாவது வரியை நகராட்சி ஆட்டோ குரலில் படித்தேன். அது தெருத் தெருவாக நின்று நின்று வரும்.

லூர்தம்மாள் மிதந்த பெட்டியை எட்டிப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மக்கா, நான் திரும்பி வாற வரி எங்க இருக்கு?"

"தேடிட்டிருக்கேன், அக்கா."

"தாள் மேல இருக்க அந்தப் பெட்டிய எடு. நானே பாக்கேன்."

"வேண்டாம், அக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எந்தக் குரலில் பதில் சொல்வது என்று தேடினேன்.

"சரி," என்றாள் லூர்தம்மாள். "உலை தீஞ்சிருக்கும். நீ இந்த வரியையே படி."

படித்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து, "அடுத்த வரிக்குப் போ, நேரம் ஆகுது," என்றார். தலையாட்டிவிட்டு எட்டையே படித்தேன். அவர் ஜாமெட்ரி பாக்ஸை எடுக்கக் கை நீட்டியபோது மணி அடித்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். மணிக்குப் பிறகு பத்தித் தாளைத் தொட அவருக்கே அனுமதி இல்லை.

விடை எழுதப் பத்து நிமிடம் உண்டு. ஐந்தாவது கேள்விக்கு, 'நான் எட்டாவது வரியிலேயே நின்றுவிட்டதால்' என்று எழுதினேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. டீச்சர் இரண்டும் போட்டார்.

பிறகு அவர் படிவத்தை நிரப்பினார். நின்றவர்: ஒருவர், பெண். இடம்: ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. நீர்மட்டம்: இடுப்பு. நாங்கள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கப் பரவிவிட்ட தண்ணீரில் நடந்து வெளியே வந்தோம்.

மறுநாளே புதிய கால அட்டவணை ஒட்டப்பட்டது. தண்ணீர் இறங்கும் வற்றம் காலை ஆறே காலுக்கு, அப்போது தமிழும் அறிவியலும். தண்ணீர் ஏறும் நேரத்தில் விளையாட்டு. கடைசி பெஞ்சில் நண்டு ஏறுவதால் அங்கே யாரும் பை வைக்கக்கூடாது. வருகைப் பதிவேட்டில் லூர்தம்மாளின் பெயரும் சேர்ந்துவிட்டது. கூப்பிட்டால் "இங்கதான் நிக்கேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அன்று தண்ணீர் இன்னும் இரண்டு முழம் ஏறும் என்று லூர்தம்மாள் சொன்னாள். கணக்குத் தேர்வும் அன்றைக்குத்தான், பத்து மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம், தேதியை மாற்ற முடியாது என்று ஹெட்மாஸ்டர் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார். வகுப்பிலேயே குட்டை நான்தான். நேற்று லூர்தம்மாள் ஒரு மூங்கில் கழியை என் பக்கத்தில் நிறுத்தி, மூக்குக்கு நேராகக் கத்தியால் கீறி அடையாளம் வைத்தாள்.

"பத்து இருபதுக்கு இங்க வந்திரும்," என்றாள். "பெரிய கணக்க முதல்ல போட்டிரு, மக்கா."