காற்று மடித்த துணி

தோள்பட்டை காலையிலிருந்தே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி வாரித் தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள். வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் உயிர் போய் உயிர் வரும். அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா நூலகத்தின் கூட்ட அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் விரித்திருந்த நீளமான வெள்ளை விரிப்பு அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலிருந்து வாடகைக்கு வந்தது. கூட்டம் முடிந்ததும் மடித்து எடுத்துப் போக வேண்டும். மேசைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்த எழுத்தாளன் அவள் கூடப்பிறந்த தம்பி.

அவன் எழுதிய நாவலைத்தான் இப்போது எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எதிர்காலத்தில் ஒருவன் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு, கணினி கட்டித் தந்த தன் பழைய தெருவுக்குள் போய்விடுகிறான். அங்கே அவன் சின்னப் பையன். பள்ளி விட்டதும் வீடியோ கேம் கடை, இருட்டும்வரை ஆட்டம். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் பிழை சொன்னால் திருத்துகிறேன் என்று தம்பி அறிவித்திருந்தான். அக்காவிடமும் ஒரு திருத்தம் இருந்தது. ஒரே ஒரு வரி.

முதலில் எழுந்தவர் ஒரு தொப்பைக்காரர்.

"சார், கடையில மூணாவது மெஷின்ல பட்டன் சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. மஞ்சள் சார், மஞ்சள்! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு நான் ஆடின மெஷின். இதைப் படிச்சதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல."

"பார்த்தா அப்படித் தெரியலையே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது.

தம்பி சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தான். "மன்னிச்சுடுங்க சார். உங்க பால்யத்துக்கே துரோகம் பண்ணிட்டேன். கண்டிப்பா மாத்திடறேன்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பட்டனுக்கு மன்னிப்பா?

அடுத்து ஒரு கல்லூரிப் பெண் புத்தகத்தை விரித்து வாசித்தாள். "'கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஓடினேன். ஆடிவிட்டுத் திரும்பியபோது காற்றே அவற்றை மடித்து வைத்திருந்தது.'" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த இடத்துல அழுதுட்டேன் சார்."

அக்கா எழுந்துவிட்டாள்.

"காத்து மடிக்கலை. நான் மடிச்சேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. தம்பியின் முகம் சுண்டிப்போனது. "அக்கா... அப்புறம் பேசலாமே."

"எல்லாரும் இப்பத்தானே சொல்றாங்க? விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேணும், ஆளுக்கு ஒரு முனை. ஊர்த் துணி வெளுக்கற அம்மா உள்ளே வெந்நீர்த் தொட்டியை விட்டு நகர முடியாது. சாயங்காலம் நீயும் நானும் மடிக்கணும்னு பேச்சு. நாலு வருஷம், தினமும் நீ கேம் கடைக்கு ஓடிடுவே. நான் ஒரு முனையை ஜன்னல் கம்பியில கட்டிட்டு, இன்னொரு முனையைப் பல்லால கடிச்சுக்கிட்டு மடிப்பேன். அந்த வரியை மாத்து. அக்கா மடித்து வைத்திருந்தாள்னு போடு. வேற எதுவும் வேணாம்."

"ஐயோ, அந்த வரியிலயா கை வைக்கறது?" கல்லூரிப் பெண் பதறினாள்.

தொப்பைக்காரர் விளக்க வந்தார். "அம்மா, இது அறிவியல் கதை. மெய்நிகர் உலகம். அங்கே எல்லாம் தானா நடக்கும்."

"அவனுக்கு வீட்டுலயும் தானாத்தாங்க நடந்துச்சு. பட்டன் நிறம் மாறினதுக்கு உங்களுக்குச் சோறு இறங்கல. கூடப் பொறந்தவளையே காணோமே, அது ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

தம்பி விரிப்பின் ஓரத்தை நெருடினான். "எல்லாருக்கும் பிடிச்ச வரி, அக்கா. இனிமே அதை நான் தொட முடியாது. அடுத்த நாவலை உன்னை வெச்சே எழுதறேன், போதுமா?"

"அடுத்ததுல நான் எதுக்குடா? துணி இதுலதானே இருக்கு!"

நூலகர் அவசர அவசரமாக நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அக்கா நேரே மேசைக்குப் போனாள். புத்தகங்களை ஒதுக்கி விரிப்பை உருவினாள். ஒரு முனையைத் தம்பியிடம் நீட்டினாள்.

"பிடி."

பிடித்தான். ஆனால் பின்னால் நகரத் தெரியவில்லை. துணி நடுவில் தொங்கி முறுக்கிக்கொண்டது. "இழுத்துப் பிடிடா. துவளுது பார்," என்றாள். அவன் இழுத்தான். முறுக்கு பிரிந்து துணி நேரானது. அதற்குள் தொப்பைக்காரர் புத்தகத்தோடு குறுக்கே வந்தார்.

"சார், ஒரு கையெழுத்து."

"ஒரு நிமிஷங்கா," என்றான் தம்பி. கையிலிருந்த முனையை விட்டான். அது தரையில் விழுந்தது.

அக்கா காத்துக்கொண்டு நின்றாள். தொப்பைக்காரருக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவன் திரும்பவில்லை. அவள் குனிந்து விழுந்த முனையை எடுத்துப் பல்லால் கடித்தாள், வலித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள், தனியாகவே மடித்தாள். மடித்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

தம்பி அக்காவுக்குத் தர வேண்டியது நாலு வருஷத்துச் சாயங்கால வேலை. அது அப்படியே பாக்கி நிற்கிறது.