மே முதல் நாள் கொடுத்த தணல்

மேயோ மாவட்டத்து ஆக்கில் தீவில், எங்கள் ஊரில், பல வருடங்களாக ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆனால் புகைபோக்கிகளில் புகை வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஓனா செய்த வேலை. மே முதல் நாள் வீட்டுத் தீயை வாசல் தாண்டிக் கொடுத்தால் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஓனாவின் மகள் சபினா, பாழாய்ப்போன அந்த நாளில்தான் அமெரிக்காவுக்குக் கிளம்பினாள். கப்பல் ஏறுகிறவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி முந்தின இரவே இழவு நடத்தியாயிற்று. உயிரோடு உட்கார்ந்திருந்தவளைச் சுற்றி விடிய விடிய ஒப்பாரி வைத்தோம். காலையில் ஓனா அடுப்புத் தணலை ஒரு சட்டியில் அள்ளி மகளிடம் கொடுத்தாள்.

“அடிப்பாவி, இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமாடி?” என்று பக்கத்து வீட்டு நாப்லா கத்தினாள்.

“தெரியும். புள்ள வெறைச்சுப் போய் நிக்கிறா. நான் என்னடி செய்ய?”

சட்டி நியூயார்க்கில் கறுத்துக் கிடந்தது. பஃபலோவிலும் அப்படியே. கிளீவ்லாந்தில், ஏரிக்கரையில் ரயில் நின்றதும் தணல் தானாகப் பற்றிக்கொண்டது. சபினா அங்கேயே இறங்கிவிட்டாள். அந்த நேரத்தில் இங்கே எல்லா அடுப்பும் அணைந்தன. என்ன செய்தும் மூளவில்லை. தீ இருக்கிற இடத்தில்தானே கிழங்கு வேகும்? இளசுகள் வீட்டுக்கு வீடு கிளம்பின, பாஸ்டனாவது ஒன்றாவது, நேராக கிளீவ்லாந்துக்கே. துறையில் இரும்புத்தாது இறக்கினார்கள், சபினாவிடம் தணல் வாங்கி அடுப்பு மூட்டினார்கள். அங்கே மூட்டினால் இங்கே அவரவர் பெற்றோர் வீட்டில் புகை எழும். சூடு மட்டும் வராது. நாங்கள் உப்புமீனும் பச்சைப்பாலுமாகப் பழகிக்கொண்டோம். குளிரில் விரல்கள் மரத்தன, பிறகு அதுவும் தெரியவில்லை.

“நீயும் போயேண்டி உம்மவகிட்ட,” என்றாள் நாப்லா.

“நான் போயிட்டா அவ பொகைய யாரு பாக்குறது?”

தினமும் விழித்ததும் வெளியே வந்து புகையைப் பார்த்த பிறகுதான் ஓனா முகம் கழுவுவாள்.

ஒரு பனிக்காலக் காலையில் அவள் வீட்டுப் புகை நின்றது. ஊர் கூடியது. நாப்லா ஒப்பாரிக்கு வாயெடுத்தாள்.

“வேணாண்டி. அவளுக்குக் கப்பலேறின அன்னைக்கே அழுது முடிச்சாச்சு,” என்றாள் ஓனா.

அது சரியென்றே எங்களுக்கும் பட்டது. ஓனா உள்ளே போய் அடுப்புச் சாம்பலில் கை வைத்தாள். சூடு உறைக்க வெகுநேரமானது. கிளறினால், அடியில் தணல். கொடுத்தது திரும்பி வந்திருந்தது. அவள் கிழங்கு வேகவைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். சூடாக இருந்தது. சாப்பிட்டோம்.