பாதி வெட்டிய குழி

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த வெறுங்காணிக்குள் மண் தோண்டும் டிக்கர் ஒன்று வந்து நின்றது. வேலைக்குப் புறப்பட்ட நான் திரும்பி வேலியடிக்குப் போனேன். என் மனைவியின் சாம்பலை அந்தக் காணியில்தான் புதைத்திருந்தேன்.

சிவமலர் தொண்ணூற்றொன்றில் இறந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்தது. இருபத்தாறு வயது. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடியிருந்தது. நான் இங்கே லண்டனில் பத்மநாதன் அண்ணை வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மனைவி பாலாம்பிகை அக்கா, "விளக்கேத்திற வீடு, தம்பி. உள்ளுக்கு வைக்க ஏலாது" என்றார். கிரிமட்டோரியத்தில் எரித்துக் கொடுத்த சாம்பல் பெட்டியை அண்ணைதான் திறந்து வெள்ளைத் துணியில் கொட்டி முடிந்தார். நான் பார்க்கவில்லை. பாதை திறக்கும்வரை என்று காணியிலிருந்த பற்றைச்செடி ஓரமாகப் புதைத்தோம். இரண்டு வருடமாயிற்று. இந்தக் கோடையில் பற்றையைப் பிடுங்கிவிட்டார்கள். இடம் தெரியவில்லை.

டிக்கரோடு வந்து காணிக்குள் நின்ற தொல்லியல்காரர் மூவருக்கும் பொறுப்பானவள் ஹெலன். லண்டன் நகரம் இவ்வளவு தூரம் பரவி வருமுன் அந்த இடம் ஒரு கிராமமாம். புது வீடுகள் கட்டுமுன் நிலத்துக்குள் பழையது ஏதும் உண்டா என்று பார்க்க வந்திருந்தார்கள். நான்கு நீளக் குழிகள் வெட்டுவார்கள். வெள்ளி மூடுவார்கள். திங்கள் கட்டடக்காரர் வருவார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

"எப்படி அடையாளம் காண்பது?"

"எலும்பு இருக்கும். விரல் நீளத் துண்டுகள்."

ஊரில் எரித்த மறுநாள் காடாத்து. சாம்பலில் பால் தெளித்து எலும்பு பொறுக்குவோம். அப்பாவுடையதை நானே பொறுக்கினேன். ஹெலனுக்கும் அது புரிந்தது. ரோமர் காலத்துக் குழிகளில் அப்படி எரிந்த எலும்பைப் பார்த்திருக்கிறாளாம்.

வெள்ளிவரை விடுப்பு எடுத்து வேலியடியில் நின்றேன். அண்ணை தேநீர் கொண்டுவந்தார்.

"கரண்டியால சுரண்டுகினம். இவையள் முடிக்கிறதுக்குள்ள எங்கட பாதை திறந்திடும்" என்றார். நான் சிரிக்கவில்லை.

வெள்ளி மதியம் ஹெலன் வேலியடிக்கு வந்தாள்.

"எலும்பு எதுவும் இல்லை. மூன்றாவது குழியில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு இருந்தது. யாரோ குப்பை கொளுத்தியது. மன்னிக்க வேண்டும்."

பக்கத்தில் நின்ற அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள எலும்பு இருக்கேல்லை."

"என்ன?"

"அரிசி மா மாதிரி இருந்தது. இஞ்ச மெசினில அரைச்சுத்தான் குடுக்கிறவை. நீர் தாங்கமாட்டீர் எண்டு சொல்லேல்லை."

"ரெண்டு வருஷமாவோ, அண்ணை?"

"முதல் நாள் சொல்லேல்லை. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"செவ்வாய்க்கிழமை எலும்பைத் தேடச் சொன்னனே, அப்பவும்?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

ஹெலனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மூன்றாவது குழியைத் திரும்பிப் பார்த்தாள்; அந்தத் திட்டு குப்பை அல்ல. அவர்களுடைய முறை ஒன்று உண்டு. மண்ணில் ஒரு திட்டு தெரிந்தால் நடுவே வெட்டிப் பாதியை அள்ளிவிடுவார்கள். வெட்டிய முகத்தைப் பார்த்துப் படம் வரைவார்கள். மற்றப் பாதி நிலத்திலேயே இருக்கும்.

"அள்ளிய பாதி?"

அவள் மண்குவியலைக் காட்டினாள். என் உயரம் இருந்தது. புதன்கிழமை எறிந்தது. அதன்பிறகு இரண்டு நாள் மண் மேலே விழுந்திருந்தது.

"எலும்பென்றால் சலித்து எடுக்கலாம்" என்றாள். மா போன்ற சாம்பல் மண்ணோடு கலந்திருந்தது.

குழிக்குள் இறங்கினோம். அவள் மிச்சப் பாதியைக் கொத்துக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். நான் பையைத் திறந்து பிடித்தேன். ஈரமான சாம்பல், களிமண், துணியின் ஒரு நூல். மேலே நின்று அண்ணை அழுதார். எனக்கு வரவில்லை. பை ஒரு கிலோ அரிசியளவு கனத்தது.

மூன்று மணிக்கு டிக்கர்க்காரன் இயந்திரத்தை முடுக்கிவிட்டு ஹெலனைப் பார்த்தான். ஹெலன் என்னைப் பார்த்தாள்.

"திங்கள்வரை நிறுத்தச் சொல்லிக் கேட்கட்டுமா?"

"நிறுத்தி?"

நான் மூடச் சொல்லி டிக்கர்க்காரனுக்குத் தலையசைத்தேன்.

குவியல் குழிக்குள் சரிந்தது. நிலம் மட்டமானதும் டிக்கர் அதன்மேல் முன்னும் பின்னுமாக இரண்டு தரம் ஓடி மண்ணை இறுக்கியது.