நல்லாயிருக்கு என்றாள் தவநாயகி

...இல்லை, முழுக்க வாசிக்க விடமாட்டாள், வெண்ணிலாத் தேர் வருகிற இடத்திலேயே கடித்துக்கொண்டிருக்கும் ரோல்ஸைத் தட்டில் போட்டுவிட்டு, எடி கமலி, உனக்கென்ன விசரோ என்று கத்துவாள், கத்தட்டும், அதற்காகத்தானே இன்று காலை ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தவநாயகிக்கு ஆகாத நிலவு, புறா, பூந்தென்றல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு வேண்டுமென்றே இந்தக் குப்பைக் கவிதையை எழுதினாள் கமலாம்பிகை. ஒரு தீவின் ஜனாதிபதிக்கு மனைவியான பிறகு, அவள் எழுதியதை நன்றாயில்லை என்று ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. மந்திரிமார் கைதட்டுகிறார்கள், பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் செய்விக்கிறார்கள், தும்மினாலும் பொன்னாடை போர்த்துவார்கள் போல... இத்தனை தொகுப்பில் எதற்கு உயிர் இருக்கிறது, எது வெறும் சக்கை, யாரைப் போய்க் கேட்பது? அதனால்தான் அரசுமுறைப் பயணத்தில் கிடைத்த ஒரே பின்னேரத்தில், பாதுகாப்புக்காரர்களோடு மல்லுக்கட்டி, லண்டன் புறநகரில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தவநாயகி வீடு வரை வந்திருக்கிறாள். லண்டனில் படித்த காலத்தில் ஒரே அறையில் கிடந்தவள் தவநாயகி, கண்டறியாத நிலவு, அதை விட்டால் உனக்கு வேற ஒண்டும் தெரியாதோ என்று தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்தவள். அப்படி ஒரு திட்டு வாங்கினால் போதும், தெம்பாகத் திரும்பிப் போகலாம்.

வாசித்தாள். வெள்ளைப் புறாவே வா, வெண்ணிலாத் தேர் ஏறி வா... ஐயோ, சொல்லும்போதே நாக்குக் கூசுகிறது. தவநாயகி அசையவில்லை. வாசலில் நிற்கும் பொலிஸ்காரனின் முதுகைப் பார்த்தபடி, சொந்த வீட்டுச் சோபாவின் நுனியில், நேர்முகத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். கடைசி வரி முடிந்தது. "நல்லாயிருக்கு," என்றாள். "அந்தப் புறா வாற இடம்... எனக்குக் கண் கலங்கிப் போச்சு." பகிடி விடுகிறாளோ? இப்போது சிரிப்பாள், இதோ... சிரிக்கவில்லை. "எடியே, என்னைப் பேய்க்காட்டாதை, தேர் எல்லாம் ஓடுது, உனக்குச் சிரிப்பு வரேல்லையோ?" "சத்தியமா நல்லாயிருக்கு. புத்தகத்தில போடுங்கோ." அதற்குப் பிறகு, தேத்தண்ணியை நீட்டியபடி தவநாயகி கேட்டாள். "எங்கட தம்பி செல்வரத்தினம் உங்கட நாட்டிலதானே கணக்குப் படிப்பிச்சவன். பெடியளோட ஊர்வலம் போனவன் எண்டு பிடிச்சு வைச்சிருக்கினம். வழக்கும் இல்லை, ஆளைக் காட்டுறதும் இல்லை. நீங்கள் அவரிட்ட ஒரு சொல்லுச் சொன்னால்..."

ஓம், சொல்லுறன் என்று சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்ல ஏலும்? போன வருசம் ஒரு கிழட்டு வக்கீலுக்காகக் கணவரிடம் வாய் திறந்ததையும், "உன் கவிதையை நீ பாரு, நாட்டை நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சிரித்ததையும், மறுகிழமையே அந்த மனிசனை இன்னும் தூரத்துச் சிறைக்கு மாற்றினதையும் இவளிடம் எப்படிச் சொல்வது? திரும்பி வரும்போது, காரின் கண்ணாடிக்கு வெளியே மழைக்கோட்டுப் போட்ட சனம் பஸ்ஸுக்கு ஓடியது, அவர்களில் எவளுக்காவது ஒரு புருசன் இருப்பான், நீ வைச்ச குழம்பு வாயில் வைக்க ஏலாது என்று சொல்லுவான், கொடுத்து வைத்தவள்... சீ, என்ன நினைப்பு இது, ஒருத்தி தம்பியின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புறாவைப் புகழ்கிறாள், எனக்கு என் கவிதைக் கவலை. பயந்துதான் புகழ்ந்தாள். தவநாயகிக்கு, என்னைக் கண்டு பயம். இன்று கேட்டே ஆக வேண்டும், என்ன வந்தாலும் சரி, விருந்துக்கு இறங்குமுன் கேட்டுவிட வேண்டும் என்று ஹோட்டல் வரும்வரை செல்வரத்தினம் என்ற பெயரையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை, இப்படி வாய்ப்பது அபூர்வம். "இஞ்சருங்கோ," என்று தொடங்கினாள். அவர் கண் அவள் கையிலிருந்த தாளில் விழுந்தது, வாங்கினார், நின்றபடியே வாசித்தார். "என்ன இது? புறா, நிலா, தேரு... குப்பை. நீயா எழுதினே?" அப்பாடா! உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது, எத்தனை வருசமாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு, "அது சும்மா எழுதினது, இதைப் பாருங்கோ" என்று கைப்பையைத் துழாவி, ஒருத்தருக்கும் காட்டாத இன்னொரு கவிதையை எடுத்து நீட்டினாள். அவர் மெல்ல வாசித்தார், ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த வரி பொய். மத்ததெல்லாம் நல்லா இருக்கு." சரியாகத்தான் சொன்னார், பாவி, அந்த ஒரு வரிதான் அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. கதவு தட்டப்பட்டது, கோட்டை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தோன்றியது, செல்வரத்தினம் என்ற பெயரை அவள் வாய் திறந்து சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் மட்டும்... இல்லை, அது கிடக்கட்டும், நினைப்பு ஏன் வரவில்லை? விருந்து முடிந்து அவரோடு எப்போது அறைக்குத் திரும்புவோம் என்று இப்போதே தவிப்பாக இருக்கிறதே, அது தம்பியைப் பற்றிக் கேட்கவா, மாற்றின வரியைக் காட்டவா?