பதில் சொன்னவள்

ஆங்கிலத்தில் வாய் திறக்கச் சொன்னாலே கஜந்தினிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொந்த ஊரான தெல்லிப்பழையில் தமிழில் படித்துப் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு வந்தவள். முதல் வருட ஆங்கில வாய்மொழிப் பரீட்சையில் அழுதபடி எழும்பி வந்துவிட்டாள். இரண்டாம் வருடமும் அந்த அவமானம் வேண்டாமென்று கைபேசியில் ஒரு ஏஐ செயலியை இறக்கிக்கொண்டாள். அது ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்; இவள் சொல்லும் பதில் திரையில் எழுத்தாக விழும்.

கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில், கூடப் படிக்கும் ஆரணியோடு வாடகைக்கு இருந்த அறை மத்தியானங்களில் ஆளில்லாமல் கிடக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள்.

ஒருநாள், "உனக்குப் பிடித்த இடம் எது?" என்று செயலி கேட்டது. இவள் சொல் வராமல் திணறினாள்.

"அழகான பதில்," என்றது செயலி. "உன் தோழியின் உச்சரிப்பு மிகவும் நன்று."

திரையில் 'பேசுபவர் 2' என்று போட்டு, பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: 'இந்த அறைதான். வெளியே போக எனக்கு வழி கிடைக்கவில்லை.'

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பின்னேரம் வந்த ஆரணி அதைப் பார்த்துச் சிரித்தாள். "பக்கத்து வீட்டு ரிவியில படம் ஓடுற சத்தத்தைப் பிடிச்சிருக்கும். உதுக்குப் போய்ப் பயப்பிடுறியே?"

அப்படித்தான் இருக்குமென்று கஜந்தினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அதன்பிறகு அவள் திக்கிய இடத்திலெல்லாம் திரையில் அந்த 'பேசுபவர் 2' முடித்து வைத்தாள். பயத்தைவிடப் பரீட்சை பெரிதாக இருந்தது. அந்த வரிகளையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள். ஆங்கிலமும் வந்தது.

பரீட்சைக்கு முதல்நாள் செயலி கேட்டது: "நாளைக்கு யார் போகப் போகிறீர்கள்?"

"நான்," என்றாள்.

'நாங்கள் இருவரும்,' என்று கீழே விழுந்தது.

அந்தச் செயலியை அப்போதே அழித்தாள்.

மறுநாள் ஆங்கில விரிவுரையாளர் இராசநாயகம் சேர் முதல் கேள்வியைக் கேட்டார். கஜந்தினி மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், உதடு பிரியவில்லை. சேர் தலையாட்டிப் புள்ளி போட்டார். அடுத்த கேள்வி. அதற்கும் அவள் வாய் திறக்குமுன், "வெரி குட்," என்றார்.

"சேர், நான் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லை!"

அவர் சிரித்தார். "போன வருசம் அழுத பிள்ளை இப்ப பகிடியும் விடுது. நல்லாச் செய்திட்டீர், போம்."

அறைக்குத் திரும்ப அவளுக்கு மனம் வரவில்லை. நேரே தெல்லிப்பழைக்கு பஸ் ஏறினாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் குசினியில் அடுப்பு வேலையாய் இருந்த அம்மாவின் குரல் வந்தது.

"கஜந்தினியோ? சாப்பிட்டனியோ பிள்ளை?"

கஜந்தினி இரண்டு கைகளாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, மூச்சையும் அடக்கி நின்றாள்.

"பசிச்சா உப்பிடியோ கத்துறது?" என்றாள் அம்மா உள்ளிருந்து. "பொறு, வாறன்."