கடைசிப் பதினாறு பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையில் பிறந்தது. அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, டோக்கன் சீட்டு கொடுத்து, வரிசைப்படி உள்ளே அனுப்புவது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குப் பல் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, அம்மா மருந்து வாங்கி வரும்வரை காத்திருந்தாள். துணைக்கு வந்தவள், தான் படித்த ஒரு நாவலை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முடிவைச் சொல்லட்டா, இல்ல நீயே படிக்கிறியா?"

"ஹொல்லு," என்றாள் பஞ்சுக்காரி. "நா எங்க படிக்கப் போறேன்."

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாய்ப்பு வந்தது. சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து, டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், பள்ளியின் நீண்ட

(இல்லை. மழை பெய்யவில்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்போதும் மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும், அந்தப் பழக்கதோஷம். அன்று நல்ல வெயில். மின்விசிறி வேறு ஓடவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: பள்ளி நாட்களில் எனக்குத் தோழிகள் குறைவு.

(குறைவு என்பது கௌரவத்துக்காகப் போட்ட சொல். இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை நூலகத்துக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், தினமும். அங்கே யாரும் வந்து "தள்ளி உக்காரு" என்று சொல்ல மாட்டார்கள்.)

மூன்றாவதாக ஒன்றை யோசிக்கவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நூலக வகுப்பு. வாரத்துக்கு நான்கு பேர் எழுந்து, தங்களுக்குப் பிடித்த ஒரு நாவலைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் டீச்சர் அந்த நாவலின் பெயரை, நூலகக் கதவில் ஒட்டியிருக்கும் பெரிய தாளில் எழுதுவார். படிக்க விரும்புகிறவர்கள் அதற்குக் கீழே தங்கள் பெயரை எழுதலாம். துப்பறியும் நாவலைச் சொன்னவனுக்குப் பதினோரு பெயர்கள். பேய் நாவலைச் சொன்னவளுக்கு இடம் போதாமல் பக்கவாட்டில் எழுதினார்கள். என் நாவல்களுக்குக் கீழே, மூன்று முறையும், வெறும் தாள்.

வகுப்பில் என் பெயர் பின்னட்டை. புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்திருப்பதைப் போலவே பேசுகிறேனாம்.

"பின்னட்டை எந்திரிச்சிட்டா. எல்லாரும் தலைகாணியை எடுத்துக்கங்கப்பா," என்பான் துப்பறியும் நாவல்காரன்.

4

நான்காவது முறை நான் சொன்ன நாவலில் ஒரு டிராம் நடத்துநர் வருகிறார். அவருக்கும் தம்பிக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டிராம் பாதையின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரேதான் தம்பியின் வீடு. தினமும் ஆறு முறை அங்கே போகிறார், தினமும் ஆறு முறை திரும்பி வருகிறார். முந்நூறு பக்கமும் இதுதான். கடைசியில் ஒருநாள் இறங்கி, தெருவைக் கடந்து, படியேறிக் கதவைத் தட்டுகிறார். "கதவு திறந்தது. உள்ளேயிருந்து" என்று அச்சாகியிருந்தது. முற்றுப்புள்ளி கிடையாது. அடுத்தது அட்டை.

படித்து முடித்த அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலோ என்று அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எப்பேர்ப்பட்ட எழுத்தாளர்! பாதி வாக்கியத்தில் நிறுத்தி, திறந்த கதவுக்கு முன்னால் நம்மைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

இதையேதான் வகுப்பிலும் சொன்னேன்.

"பேனாவுல மை தீந்திருக்கும் டீச்சர்," என்றான் துப்பறியும் நாவல்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ சும்மா இருடா," என்று அவனை அடக்கிவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லா கவனிச்சிருக்கம்மா. முடிவைப் படிக்கிறவங்ககிட்டயே விட்டுடறதுக்குப் பெரிய தைரியம் வேணும்."

திங்கட்கிழமை தாளில் என் நாவலுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது.*

* அதை அன்று எத்தனை முறை போய்ப் பார்த்தேன் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஏழு.

5

அது ஒட்டகத்தின் பெயர். வகுப்பிலேயே உயரமானவள், அதனால் அந்தப் பட்டம். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல்; அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்திருந்தாள்.

முதல் பிரதியில் அவளுக்குச் சோகமான கண்களைக் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. உண்மையில் அவள் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். தும்மினால் அடுத்த வகுப்பில் திரும்பிப் பார்ப்பார்கள். சோகமான கண்கள் கதைக்குத் தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டன. அவளும் என்னைப் போல இருந்திருக்க வேண்டும் என்று ஆசை.

பத்து நாள் கழித்து, மதியம், செருப்பு அலமாரிக்கே வந்து நின்றாள்.

"ஏய் பின்னட்டை, தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"முடிச்சிட்டேன்டி. அழுது அழுது மூக்கே வீங்கிப் போச்சு. சித்தி பயந்துட்டாங்க."

"எந்த இடத்துல அழுத?"

"கடைசியிலதான். அந்தத் தம்பி வந்து…" சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, உனக்குத் தெரியாதுல்ல! லைப்ரரி புக்குல கடைசிப் பதினாறு பக்கம் இல்லடி. பைண்ட் பண்றப்ப விட்டுட்டாங்க போல. எங்க சித்திகிட்ட அதே நாவல் முழுசா இருக்கு. அதுலதான் படிச்சேன்."

பையைத் திறந்து, செய்தித்தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைப் பாதி வெளியே இழுத்தாள்.

"முடிவைச் சொல்லட்டா, நீயே படிக்கிறியா?"

அவள் என்னைக் கேலி செய்யவில்லை. இதை எழுதியாக வேண்டும். கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த நாவலைப் பற்றிப் பேச அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

6

நான் என்ன சொன்னேன் என்றால், அந்த நேரத்தில் எனக்கு

(மூன்று சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.)

6, மறுபடியும்

"தெரியும்," என்றேன். "அந்தப் பதினாறு பக்கம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. மூலத்துல கிடையாது. அதான் லைப்ரரியில எடுத்துட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க அதைப் படிக்க மாட்டாங்க."

இவ்வளவு கோவையான பொய் எங்கிருந்து வந்தது? முன்னுரைகளை ஒரு வரி விடாமல் படித்ததில் கிடைத்த பலன் அது.

"நிஜமாவா?"

"ம்."

"அப்ப தம்பி கடைசியில சொல்றது, அதெல்லாம் பொய்யா?"

"கதையே பொய்தான். இது கதைக்குள்ளயும் பொய்."

மெல்லுவதை நிறுத்தினாள். புத்தகத்தை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"லூசு மாதிரி அழுதிருக்கேன்டி," என்று சிரித்தாள். எழுந்து போய்விட்டாள்.

7

அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய முறை. இரண்டு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள். என் இடத்திலிருந்து தெரிந்தது. எழுந்து நின்று அவற்றை நான்காக மடித்தாள்.

"நான் எதுவும் படிக்கல டீச்சர்."

"ஒண்ணுகூடவா?"

"பிடிச்ச மாதிரி எதுவும் இல்ல."

"அவ உயரத்துக்குப் புத்தகமெல்லாம் ரொம்பக் கீழ இருக்கு டீச்சர்!"

யார் சொன்னது என்று எழுதத் தேவையில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

தாளில் என் நாவலுக்குக் கீழே அவள் பெயர் ஆண்டுத் தேர்வு வரை அப்படியே இருந்தது. அவள் அதை அடிக்கவில்லை. செருப்பு அலமாரிப் பக்கம் மறுபடி வரவும் இல்லை. விடுமுறையில் அப்பாவுக்கு மாற்றல் வந்து, போய்விட்டாள்.

8

இப்போது நான் தங்கியிருக்கும் அறையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். நான் வேலை முடிந்து வருவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். கொடியில் ஈரத் துண்டு தொங்கினால் அவள் வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். நான் படித்த எந்த நாவலையும் எட்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அதனால் உங்களிடம் சில முடிவுகளைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அ. "முடிவைச் சொல்லட்டா?" என்கிறாள் ஒட்டகம். "சொல்லு," என்கிறேன். அவள் சொல்கிறாள்:

(இங்கே நின்றுவிடுகிறது. அவள் வாயில் எதை வைப்பது? கதவுக்குப் பின்னால் தம்பி என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானாக ஒன்றை எழுதினால், இந்த முறை அது நிஜமாகவே இன்னொருவர் சேர்த்த முடிவாகிவிடும்.)

ஆ. அவள் தாள்களை மடிக்கும்போது நான் எழுந்து, "அவ படிச்சதுதான் சரி டீச்சர், நான் பொய் சொன்னேன்," என்கிறேன். வகுப்பே அமைதியாகிறது.

(அழகாகத்தான் வருகிறது. ஆனால் அந்த வகுப்பு ஒருநாளும் அமைதியானதில்லை.)

இ. நாவலைத் தேடிப் பிடித்து, கடைசிப் பக்கங்களை நானே படித்துவிடுகிறேன்.

(கேட்டுப் பார்த்தேன். "அது இப்ப வர்றதில்லம்மா. அதே மாதிரி சோகமா வேற தரட்டா?" என்றார் புத்தகக் கடைக்காரர்.)

ஈ. அவளைத் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

9

ஈ பொய். கிடைத்துவிட்டாள். ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில், கைபேசியில். ஏதோ அலுவலகத்துக் கூட்டப் படத்தில் பின்வரிசையில் நிற்கிறாள். நெற்றிக்கு மேலே படத்தில் இடம் இல்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. எதையோ மென்றுகொண்டிருக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே செய்தி எழுதும் பெட்டி இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எழுத வேண்டியது இரண்டே வரி. நீ அழுதது உண்மையான முடிவுக்குத்தான். அது என்னவென்று எனக்குத் தெரியாது, சொல்லு.

அந்த இரண்டு வரியை எழுதாமலிருக்க நான் கண்டுபிடித்த வழிதான் இந்த நாற்பது சீட்டுகளும்.

உள்ளேயிருந்து மணி அடிக்கிறார்கள், அடுத்தவரை அனுப்ப வேண்டும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை யாருக்காவது பரிந்துரைத்தால், முடிவை வாசகரிடமே விட்டிருக்கிறாள் என்று மட்டும் பாராட்டிவிடாதீர்கள். எழுதியவளுக்கு முடிவு தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், கேட்டால் சொல்வாள், இவள்தான் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.