நீலம் ஏறாத ஓடு

என்னை வேலையை விட்டுத் தூக்குவதா வேண்டாமா என்பது ஒரே ஒரு ஓட்டைப் பொறுத்து இருந்தது. கூரை ஓடு இல்லை. குண்டூசித் தலையில் பத்து வைக்கலாம், அத்தனை சின்னது.

கல் ஆராய்ச்சிக்கூடத்தில் சல்லடை கழுவுகிறவன் நான். பதினோரு வருடமாக அதுதான் வேலை. கடலடியில் படிந்து பிறகு மலையாக எழும்பிய சிவப்புக் கல்லைக் கொண்டுவருவார்கள். அதைக் கண்ணாடியையே தின்கிற அமிலத்தில் ஒரு நாள் ஊறப்போடுவார் கண்ணாடிக்காரம்மா. கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று என்று கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும், அதனால் நான் வைத்த பெயர். ஊறிய சேற்றைச் சல்லடையில் அலசித் தருவது நான். மிஞ்சுகிற தூசியில் ரேடியோலேரியா இருக்கிறது என்பார்கள். ஒற்றைச் செல் உயிராம். கடலில் மிதந்தபடி தனக்குத்தானே கண்ணாடியில் ஓடு கட்டிக்கொள்ளுமாம். செத்தால் ஓடு கடலடியில் போய்ப் படியுமாம். நான் நம்பியதில்லை. தூசியைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு கல் முடிந்ததும் சல்லடையைத் தேய்த்துக் கழுவி நீலச் சாயத்தில் முக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சல்லடைக் கண்ணில் பழைய தூசி ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த கல்லோடு கலந்து வந்தாலும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். நான் முக்குவதில்லை. என் தேய்ப்புக்கு மேல் சாயம் எதற்கு? சாயம் விற்கிறவன் கட்டிவிட்ட கதை. நகம் நீலமாவதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலையில் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் கத்திக்கொண்டே வந்தார்.

“யோவ் பெருசு, என்னய்யா கழுவுற நீ? பதினாறு கோடி வருஷத்துக் கல்லுல இருபத்தாறு கோடி வருஷத்து ஓடு கிடக்குது! அதுக்கு முன்னால கழுவுனது அந்தப் பழைய கல்லுதானே?”

“கோடியெல்லாம் எனக்குத் தெரியாது. நல்லாத்தான் கழுவுனேன்.”

“ஓடு நீலமா இல்லையே சார்,” என்றார் கண்ணாடிக்காரம்மா. “அப்ப அது கல்லுல இருந்துதானே வந்திருக்கணும்?”

எனக்காகத்தான் பேசினார், பாவம். தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஊரில் ஒருவனையும் நம்பாதவன் நானே பொய் சொன்னால் எப்படி?

“சாயத்துல முக்கலம்மா. நான் ஒருநாளும் முக்குனதில்ல.”

செத்தவன் எழுந்து உட்கார்ந்ததைப் பார்ப்பது போல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“பதினோரு வருஷமாவா?” என்றார் தலைவர்.

“ஆமா.”

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, “அந்தக் கல்லுல மிச்சத் துண்டு இருக்குல்ல? ஊறப் போடும்மா. அதே சல்லடை, இந்தத் தடவை சாயத்தோட. நீலம் ஏறாத பழைய ஓடு வந்தா ஆளு பொழைச்சான். இல்லேன்னா வீட்டுக்குப் போகட்டும்,” என்றார்.

வீட்டில் சொன்னேன். “டீயில சர்க்கரை போட்டேனான்னு என்னையே ரெண்டு தடவை கேக்குற மனுஷன். உங்க கைய மட்டும் எப்படித்தான் நம்புனீங்களோ!” என்றாள் மனைவி. இவளிடம் சொல்லியிருக்கவே கூடாது.

மறுநாள் கல் ஊறிக்கொண்டிருந்தது. என் வயிற்றில் அடிக்கிற அந்த ஓட்டின் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று போனேன்.

“அதைக் காட்டுங்கம்மா.”

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு அது விலகியது. உருண்டைக்குள் உருண்டை, அதற்குள் இன்னொரு உருண்டை, சுற்றிலும் முள். பக்கத்தில் அடுக்கடுக்காகப் பின்னிய கூடை ஒன்று. மூன்று கை நீட்டிய ஒன்று. எல்லாம் ஓட்டை ஓட்டையாக, என் சல்லடையைவிடச் சீராக. ஓரத்தில் மட்டும் ஓட்டையே இல்லாத ஒரு கூம்பு, காற்றில் சாய்ந்த தொப்பி மாதிரி.

“அந்தச் சாஞ்சதுதான் பழசு,” என்றார். “கடல்ல முக்கால்வாசி உயிர் அழிஞ்ச காலம் ஒண்ணு உண்டு. அதுக்கப்புறம் அந்த வம்சமே இல்ல.”

“கண்ணாடியத் தின்ற அமிலம் இதை மட்டும் ஏன் விட்டுச்சு?”

“கல்லை முதல்ல தின்னும். பாதியில எடுத்துடணும். விட்டா இதையும் தின்னுடும்.”

“சரி, செத்த வம்சம் புதுக் கல்லுக்குள்ள எப்படி வரும்?”

“பழைய பாறை கரைஞ்சு அந்தச் சேறு கடலுக்குப் போனா, புது ஓட்டோட சேந்து படியும்.”

“அப்பன் சட்டைய மகன் போட்டுக்கற மாதிரி.”

அவர் சிரித்துவிட்டார். “ஆமா. ஆனா பொறக்காத மகனோட சட்டைய அப்பன் போட முடியாதுல்ல? அதனாலதான் இருக்கறதுலயே புது ஓட்டை வச்சு கல்லுக்கு வயசு சொல்றோம்.”

அதில் குறை கண்டுபிடிக்க வீடு வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

புதன்கிழமை இருவர் கண்முன்னால் சல்லடையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். சாயத்தில் முக்கி அலசினேன். பிறகு ஊறிய சேற்றை விட்டுக் கழுவினேன். தட்டில் தூசி காய்ந்ததும் கண்ணாடிக்காரம்மா குனிந்தவர் நிமிரவே இல்லை.

“பழசு ஒண்ணு இருக்கு சார்.”

“நிறம்?”

“நீலம்.”

என் தேய்ப்பு அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன்.

“இருங்க பெரியவரே, பாதித் தட்டு இன்னும் பாக்கல.”

நின்றேன். சுவர்க் கடிகாரம் பழுது, நேரம் தெரியவில்லை.

“இன்னொண்ணு. சாஞ்ச தொப்பிதான்… நீலமே இல்ல சார். தெளிவா இருக்கு!”

தலைவர் அவரைத் தள்ளாத குறையாகத் தானே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்த ஒரு குணத்துக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

“நீலம் என்னுது,” என்றேன். “தெளிவா இருக்கறது கல்லோடது. ஆனா பதினோரு வருஷத்துல எத்தனை என்னுதுன்னு எனக்கே தெரியாது. அதையும் எழுதிக்குங்க.”

“எழுதறதா? மிச்சத் துண்டு இருக்கற கல்லு அத்தனையும் திரும்பக் கழுவித் தொலைக்கணும்யா நீ!” என்று கத்தினார். வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

இன்றைக்கு நாற்பத்து மூன்றாவது கல். நகமெல்லாம் நீலம். காய்ந்த தட்டை முதலில் பார்ப்பது இப்போது நான்தான். நீலம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் உட்காருகிறேன். பார்த்து முடித்த பிறகும் கண்ணாடிக்காரம்மா வந்து, “எழுந்திரிங்க, என் நாற்காலி அது,” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.